மீட்டர்காரர் வீட்டு ஜாடி

மீட்டர்காரர் சமையலறைக்குள் கால் வைத்ததே அந்தக் கோடையில்தான். அதற்கு முன் அவருக்கும் அடுப்புக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பால் பொங்கி வழிந்தால்கூட நாற்காலியில் இருந்தபடியே, "ஏதோ பொங்குது பாரு" என்று தகவல் கொடுப்பாரே தவிர, எழுந்து போய் அணைக்க மாட்டார். அணைப்பதற்கு மனைவி இருந்தாள். போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்து அவளைக் கொண்டுபோய்விட்டது. அதன் பிறகு தெருமுனைக் கடையிலிருந்து இரண்டு வேளையும் டப்பாவில் சாப்பாடு வந்தது. மகள் தனக்கு மட்டும் பால் காய்ச்சிக்கொள்வாள். மற்றபடி அடுப்பு சும்மா கிடந்தது.

அவர் வேலை பார்த்தது தண்ணீர் அலுவலகத்தில். வீடு வீடாகப் போய், மீட்டர் மூடியைத் திறந்து, தூசியைத் துடைத்து, எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டு வர வேண்டும். பல வருஷமாக அதே தெருக்கள், அதே கதவுகள். உள்ளேயிருந்து "யாரு?" என்பார்கள், இவர் "மீட்டர்" என்பார், கதவு திறக்கும். அப்படியே அதுவே பெயராகவும் ஒட்டிக்கொண்டது. மீட்டர் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை வேறு எதன் மேலும் இருந்ததில்லை. தண்ணீரே செலவு செய்யவில்லை என்று சத்தியம் செய்கிறவர்களிடம், "நீங்க சொல்றீங்க, ஆனா மீட்டர் வேற சொல்லுதே" என்பார். அதற்குமேல் அவரிடம் பேசிப் பயனில்லை.

மகளுக்கு ராத்திரி முழுக்கப் போனில் பேசுகிற வேலை. எங்கோ யாரோ வாங்கிய வாஷிங் மெஷின் சுற்றவில்லை என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கோபமாகக் கத்துகிறவர்களிடமும் பொறுமையாக, சிரித்த குரலில், எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பாள். அத்தனை பேரிடமும் பேசித் தீர்த்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் பேச மிச்சம் இருப்பது "ம்" ஒன்றுதான். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்று அப்பா விடியும்போதே கிளம்பிப் போய்விடுவார். அதற்குப் பிறகுதான் மகள் வந்து சேருவாள். மத்தியானம் இவர் திரும்பும்போது அவள் அறைக்கதவு சாத்தியிருக்கும். இருவரும் கண் விழித்தபடி ஒரே வீட்டில் இருந்தது, சாயங்காலம் அவள் கிளம்புகிற அந்தச் சின்ன நேரம்தான்.

"சாப்பிட்டியா?"

"ம்."

"வண்டி வந்துருச்சா?"

"ம்."

இதோடு முடிந்தது. வாசலில் அலுவலக வண்டி ஹாரன் அடிக்கும், அவள் போய்விடுவாள். அவர் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்ப்பார்.

கோடை தொடங்கின சமயம், ஒரு சாயங்காலம், செருப்பை மாட்டிக்கொண்டே மகள் சொன்னாள். "ஆபீஸ் பக்கத்துல ஒரு ரூம் இருக்குப்பா. கூட வேலை பாக்கறவ வா வான்னு கூப்பிடறா. போலாமான்னு யோசிச்சிட்டு இருக்கேன்."

மீட்டர்காரருக்குப் போகாதேம்மா என்ற சொல் தொண்டை வரை வந்து நின்றது. ஆனால் வாயிலிருந்து வெளியே வந்தது வேறு.

"யோசி," என்றார்.

யோசியாம்! பெற்ற பெண் வீட்டை விட்டுப் போகட்டுமா என்று கேட்டு நிற்கிறாள், இவர் என்னவோ எதிர்வீட்டுக்காரிக்கு யோசனை சொல்கிற மாதிரி யோசி என்கிறார். இந்த மனிதரை என்ன செய்வது சொல்லுங்கள். அவள் ஒரு நொடி நின்றாள், "சரிப்பா" என்றாள், போய்விட்டாள். அன்று ராத்திரி அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்த வீட்டில் அவளும் இல்லாவிட்டால் சாத்தியிருக்கிற அந்தக் கதவுகூட இருக்காது. திறந்த அறைதான் இருக்கும். அதை நினைத்தாலே பயமாக இருந்தது.

அதற்குச் சில நாள் கழித்துத்தான் அந்த டீ வந்து சேர்ந்தது. அவருடைய தெருக்களில் ஒன்றில், ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தனியாக இருந்தார். வெயில் மண்டையைப் பிளந்த ஒரு காலை, மீட்டரைப் பார்த்துவிட்டு இவர் சுவரோரம் நிழலில் ஒண்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து, டீச்சர் உள்ளே போய் ஒரு கண்ணாடித் தம்ளரைக் கொண்டுவந்து நீட்டினார். வெளிர்ப்பச்சை நிறம், மேலே ஐஸ் கட்டிகள். ஒரு வாய் குடித்ததும் தொண்டையிலிருந்து வயிறு வரை குளுமை இறங்கிப்போன வழி தெரிந்தது.

"என்ன டீச்சர் இது?"

"மூலிகை டீ. பேருக்குத்தான் டீ, டீத்தூள் கிடையாது."

"எப்படிச் செய்யறது?"

"யாரு செய்யப் போறா?"

"நான்தான்."

டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பாடம் எடுப்பதுபோல் சொன்னார். தண்ணீரைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்துவிட வேண்டும். நசுக்கிய இஞ்சியையும் முடிச்சுப் போட்ட எலுமிச்சைப்புல்லையும் போட்டு மூட வேண்டும். சூடு கொஞ்சம் தணிந்த பிறகுதான் புதினா. புதினாவைக் கொதிக்கவிட்டால் கறுத்துக் கசந்துவிடும். வடிகட்டி, வெதுவெதுப்பாக இருக்கும்போதே சர்க்கரை. நன்றாக ஆறின பிறகே எலுமிச்சம்பழம். "எங்க, திருப்பிச் சொல்லுங்க" என்றார். மீட்டர்காரர் கையைக் கட்டிக்கொண்டு திருப்பிச் சொன்னார்.

சொன்னது சரி, செய்தது வேறு. முதல் தடவை எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்க வைத்தார். பாசி பிடித்த குளத்தின் நிறத்தில் ஒன்று வந்தது. அதைக் கொட்டிவிட்டு மறுபடி வைத்தார். மூன்றாவது முயற்சியில்தான் டீச்சர் வீட்டு நிறம் வந்தது. அதை ஊற்றி வைக்கப் பாத்திரம் தேடியபோது, பரண் மேல் ஒரு கண்ணாடி ஜாடி அகப்பட்டது. கல்யாணத்துக்கு யாரோ கொடுத்தது. அடியில் சின்னக் குழாய், உடம்பில் புடைப்பாக ஒரு திராட்சைக் கொத்து. விருந்தாளிகள் வந்தால் எடுக்கலாம் என்று மனைவி துணி சுற்றி மேலே போட்டிருந்தாள். அந்த விருந்தாளிகள் வரவே இல்லை. ஜாடி உயரமானது என்பதால் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில்தான் நின்றது, காய்கறிப் பெட்டிக்கு நேர் மேலே. குழாய் மட்டும் தட்டின் விளிம்பைத் தாண்டி மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

யாருக்காக இத்தனையும் என்று கேட்கிறீர்களா? தனக்காக இந்த மனிதர் அடுப்புப் பற்ற வைப்பாரா? ராத்திரியெல்லாம் பேசித் தொண்டை காய்ந்து வருகிற பெண்ணுக்கு வீட்டில் குளுமையாக ஏதாவது இருக்கட்டும், இருந்தால் அந்த ரூம் நினைப்பு போய்விடும் என்று அவருக்கு ஒரு கணக்கு. சரி, அதை வாயைத் திறந்து சொல்லலாம் அல்லவா? "உனக்குத்தாம்மா போட்டு வெச்சிருக்கேன்" என்று சொன்னால் நாக்கு தேய்ந்துவிடுமா? சொல்லவில்லை. ஃப்ரிட்ஜில் இருப்பது வீட்டில் இருப்பவர்களுக்குத்தானே, இதை வேறு சொல்ல வேண்டுமா என்று இருந்துவிட்டார். மனைவி சொல்லியா வைத்தாள்? அவள் வைத்தாள், இவர் எடுத்துச் சாப்பிட்டார். அந்த வீட்டில் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

முதல் நாள் திராட்சைக் கொத்தின் காம்பு வரை ஊற்றி வைத்துவிட்டுப் படுத்தார். மறுநாள் மத்தியானம் வேலை முடிந்து வந்ததும், முகம்கூடக் கழுவாமல் ஃப்ரிட்ஜைத் திறந்தார். ஒரு வரிசை திராட்சை அளவுக்குக் குறைந்திருந்தது. சுமாராக ஒரு தம்ளர்.

குடித்திருக்கிறாள்!

அவருக்குத் தலைகால் புரியவில்லை. சாத்தியிருந்த அறைக்கதவைப் பார்த்துச் சிரித்தார். பூனை நடை நடந்து போய்த் தனக்கும் ஒரு தம்ளர் பிடித்து, சத்தம் வராமல் குடித்தார். மனைவி போன பிறகு அந்த வீட்டில் அவர் ஒருவரோடு சேர்ந்து எதையாவது குடித்த மாதிரி இருந்தது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து அதுவே வாழ்க்கை ஆகிவிட்டது. சாயங்காலம் மகள் கிளம்பியதும் டீ போடுவார், காம்பு வரை நிரப்புவார். மறுநாள் மத்தியானம் வந்ததும் முதல் வேலையாக அளவு பார்ப்பார். தினமும் ஒரு வரிசை. சில நாள் ஒன்றரை. ஒன்றரை வரிசை குறைந்த நாளில் முந்தைய சாயங்காலம் என்ன மாற்றிப் போட்டோம் என்று யோசிப்பார். எலுமிச்சைப்புல் கூடியிருந்தது. ஆஹா, அவளுக்கு எலுமிச்சைப்புல் பிடிக்கிறது! மறுநாள் இன்னும் கூட்டினார். இன்னொரு நாள் சர்க்கரையைத் தெரியாமல் ஒரு கரண்டி அதிகமாகப் போட்டுவிட்டார், அன்றைக்கும் ஒன்றரை குறைந்தது. சரி, இனிப்புப் பிடிக்கும்போல. அதையும் கூட்டினார். கூட்டிக்கொண்டே போனார். அவருக்கே பல் கூசியது. ஆனால் அவருடைய பல்லா முக்கியம்?

பெண்ணோடு பேசியதைவிட அந்த ஜாடியோடு அவர் பேசியதுதான் அதிகம். அது பதில் சொன்னது. அவளுக்கு என்ன பிடிக்கும், எது பிடிக்காது என்று இருபத்தைந்து வருஷத்தில் தெரிந்துகொள்ளாததை எல்லாம் அந்தக் கோடையில் தெரிந்துகொண்டதாக நினைத்தார். ஃப்ரிட்ஜைத் திறக்கும்போது லேசாக ஒரு புளித்த வாடை வந்ததுதான். எலுமிச்சம்பழ வாடை என்று முடிவு கட்டிவிட்டார்.

அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரருக்கு உடம்பை வைத்து டேங்க் என்று பெயர். அவரிடம் பெருமை அடித்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

"எம் பொண்ணுக்கு எலுமிச்சைப்புல்னா உயிரு."

"அவளே சொன்னாளா?"

"சொல்லணுமா என்ன? பெத்தவனுக்குத் தெரியாதா?"

"குடுத்து வெச்ச ஆளுய்யா நீ," என்றார் டேங்க். "நான் ஆசையா வாங்கிட்டுப் போற எதையும் என் வீட்டுல யாரும் தொடறது கூட இல்ல."

மீட்டர்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ரூம் பேச்சையும் மகள் அதன் பிறகு எடுக்கவில்லை. தினமும் வீட்டு டீயை இப்படிக் குடிக்கிற பெண் எங்கே போகப் போகிறாள்?

இதற்கிடையில் டீச்சர் மகன் வீட்டுக்குப் போய்ப் பல நாள் தங்கிவிட்டு வந்தார். வந்ததும் மீட்டர்காரரைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்களே சொல்லுங்க, ஆளே இல்லாத வீட்டுல தண்ணி எப்படிங்க ஓடும்? உங்க மீட்டர்தான் கோளாறு."

மீட்டர்காரர் வீட்டிலிருந்த குழாயை எல்லாம் மூடச் சொன்னார். இருவரும் மீட்டர் முன்னால் குனிந்து நின்றார்கள். உள்ளே இருந்த சின்னச் சிவப்புச் சக்கரம் மெல்ல, மிக மெல்ல, சுற்றிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா? ஆள் இல்லாம ஓடுதுன்னா ஒழுகுதுன்னு அர்த்தம் டீச்சர்," என்றார். எல்லா வீட்டிலும் சொல்கிற வசனம்தான். தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார். கடைசியில் கழிவறைத் தொட்டியில் ரப்பர் நைந்து போயிருந்தது. பையில் எப்போதும் கிடக்கிற வாஷர்களில் ஒன்றை எடுத்து அவரே மாட்டிக்கொடுத்தார்.

டீச்சருக்குச் சமாதானம் ஆனது. "அந்த டீ போட்டுப் பாத்தீங்களா?"

"தினமும் போடறேன் டீச்சர். பொண்ணு குடிக்கிறா."

"என்ன சொன்னா?"

"குடிக்கிறா."

"குடிக்கிறது சரி. என்ன சொன்னான்னு கேட்டேன்."

மீட்டர்காரர் அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு நழுவினார்.

அந்த வாரமே ஒரு காலை, அவர் ஏதோ ஒரு வாசலில் குனிந்திருந்தபோது, மகளிடமிருந்து போனில் செய்தி வந்தது. இன்றைக்கு வீட்டுக்கு வரவில்லை, தோழியின் ரூமில் தூங்கிவிட்டு அப்படியே வேலைக்குப் போய்விடுவதாக எழுதியிருந்தாள். ரூம் என்ற சொல் கண்ணில் குத்தியது. ஒரு நாள்தானே, வெயிலுக்கு அலைய வேண்டாம் என்று தங்கியிருப்பாள் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தார். கால் தானாக ஃப்ரிட்ஜுக்குப் போனது, கை தானாகத் திறந்தது. ஒரு வரிசை குறைந்திருந்தது. குடித்திருக்கிறாள் என்று வழக்கம்போல் மனம் துள்ளியது.

துள்ளியது அப்படியே நின்றது. யார் குடித்தது?

அவர் போய் மகளுடைய அறையைப் பார்த்தார். கதவு திறந்தே இருந்தது. படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. வாசல் பூட்டைத் திறந்துகொண்டு வந்தது அவரேதான். திரும்ப வந்து ஜாடி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஆள் இல்லாமல் ஓடினால் என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் அவர் மனம் முரண்டு பிடித்தது. இல்லை, காலையில் நாமே தூக்கக்கலக்கத்தில் ஒரு தம்ளர் பிடித்திருப்போம், மறந்திருப்போம் என்றெல்லாம் எதையாவது பிடித்துத் தொங்கப் பார்த்தது.

குழாய் ஜாடியோடு சேருகிற இடத்தில் ஈரம் பளபளத்தது. பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த ஈரம் திரண்டு, கனத்து, ஒரு சொட்டாகித் தட்டின் விளிம்புக்கு வெளியே விழுந்தது. சத்தமே இல்லை.

காய்கறிப் பெட்டியைப் பிடித்து இழுத்தார். மனைவி போன பிறகு அதை யாரும் இழுத்ததில்லை. டப்பாச் சாப்பாட்டு வீட்டில் காய்கறி ஏது? டீக்கு வேண்டிய புதினாவையும் புல்லையும் அன்றன்றைக்கு வாங்கி அன்றன்றைக்குப் போட்டுவிடுவார். பெட்டி இறுகிக் கிடந்தது, பிறகு கனமாக நகர்ந்தது, உள்ளே இருந்தது தளும்பி அவர் முழங்காலில் வழிந்தது.

கோடை முழுக்க அவர் போட்ட டீ அத்தனையும் அங்கே இருந்தது. பழுப்பேறி, மேலே வெள்ளையாக ஏடு கட்டி, ஓரமெல்லாம் பிசுபிசுத்துக்கொண்டு. நடுவில் ஒரு பழைய இஞ்சித் துண்டு ஊறிப்போய் மிதந்தது. அது மனைவி வாங்கிப் போட்டதாக இருக்க வேண்டும்.

எலுமிச்சைப்புல்லும் இல்லை, இனிப்பும் இல்லை. ஜாடியில் காம்புக்கு மேல் தூக்கலாக ஊற்றிய நாளில் அழுத்தம் கூடி வேகமாகச் சொட்டியிருக்கிறது, அவ்வளவுதான். பல வருஷம் பரணில் கிடந்த ஜாடியின் வாஷர் வறண்டு வெடித்திருக்கும் என்று ஒரு நாளாவது அவருக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? ஊரில் உள்ள ஒழுகலை எல்லாம் கண்டுபிடிக்கிறவர்! அவருக்குத் தன் மேல் ஆத்திரமாக வந்தது. ஆத்திரம் அடங்கியதும் வந்தது அதைவிட மோசம். இத்தனை நாளும் அந்த வீட்டில் தன்னோடு ஒருத்தி சேர்ந்து குடிக்கிறாள் என்று நம்பிக்கொண்டிருந்தார். ஒருத்தரும் குடிக்கவில்லை. தன்னந்தனியாக உட்கார்ந்து, தானே போட்டு, தானே அளவு பார்த்து, தானே சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பெட்டியைத் தூக்கிக் கொண்டுபோய்க் கொட்டினார். தேய்த்துக் கழுவினார். பையிலிருந்து புது வாஷர் எடுத்துக் குழாயில் போட்டு முடுக்கினார். அந்த வேலையில் மட்டும் கை தடுமாறவில்லை.

மறுநாள் விடிந்தும் அவர் கிளம்பவில்லை. மகள் கதவைத் திறந்துகொண்டு வந்து, நாற்காலியில் அப்பா இருப்பதைப் பார்த்துப் பதறிவிட்டாள்.

"என்னப்பா, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல." அவர் ஃப்ரிட்ஜைக் காட்டினார். "அந்த டீயை நீ குடிச்சதே இல்லையா?"

"எது, ஜாடியில இருக்கறதா? அது உங்களோடதுதானேப்பா? வெயில்ல அலைஞ்சிட்டு வரீங்க, உங்களுக்குன்னு போட்டு வெச்சுக்கறீங்கன்னு நெனச்சேன்."

"உனக்குத்தான் போட்டேன்."

"எனக்கா?"

பையைத் தோளிலிருந்து இறக்காமலே உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தில் வந்தது கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"ரெண்டு மாசமாவா? ஒரு நாளாவது, குடிக்கிறியான்னு கேட்டீங்களாப்பா?"

அவர் ஃப்ரிட்ஜையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டிருந்தா, ஃப்ரிட்ஜ்ல வெக்காம குடுங்கன்னு சொல்லியிருப்பேன். ஜில்லுனு குடிச்சா எனக்குத் தொண்டை கட்டிக்கும். அப்புறம் ராத்திரி எப்படிப் பேசறது? சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். அம்மாவுக்குத் தெரியும்."

அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியவில்லை. ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டு, ஏன் உருகவிட்டுச் சாப்பிடுகிறாய் என்று அவளைச் சின்ன வயதில் திட்டியது மட்டும் இப்போது ஞாபகம் வந்தது.

"ரூமுக்கு வரேன்னு சொல்லிட்டேன்பா," என்றாள் மெதுவாக. "வர்ற வாரம் போகணும். எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் நேத்து அங்கயே தங்கிட்டேன்."

"நீ அப்புறம் ஒண்ணும் சொல்லலையேன்னு..."

"நீங்கதான் யோசின்னு சொல்லிட்டீங்களே. போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்வீங்கன்னு பாத்தேன். தினமும் கிளம்பும்போது செருப்பை மெதுவாத்தான் மாட்டுவேன்."

"போகாதேம்மா," என்றார். இரண்டு மாதமாகத் தொண்டையில் கிடந்த சொல், ஒரு தடங்கலும் இல்லாமல் வெளியே வந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பொண்ணு என்னை நம்பி வேற யாரையும் சேத்துக்காம இருக்காப்பா. இப்ப எப்படி மாட்டேன்னு சொல்றது? கோவிச்சுக்கிட்டுப் போகல. வந்து வந்து பாத்துக்கறேன்."

அவர் தலையாட்டினார். எழுந்து போய் அவள் பால் குடிக்கிற தம்ளரில் டீயைப் பிடித்துக்கொண்டு வந்து மேஜை மேல் வைத்தார். ஐஸ் போடவில்லை. இருவரும் அது குளிர் விடட்டும் என்று காத்திருந்தார்கள். தம்ளரின் வெளிப்புறத்தில் பூத்திருந்த ஈரம் வழிந்து, மேஜையில் வட்டம் போட்டு, மெல்லக் காய்ந்தது. அவளுக்குத் தூக்கம் சொக்கியது, ஆனாலும் எழுந்து போகவில்லை. பிறகு தொட்டுப் பார்த்துவிட்டு எடுத்துக் குடித்தாள். முழுக்கக் குடித்தாள்.

"நல்லாருக்குப்பா. ஆனா சர்க்கரை ரொம்ப ஜாஸ்தி."

"கொறைச்சுக்கறேன்," என்றார்.

அவள் போகிற வரைக்கும் தினமும் காலையில் தாமதமாகக் கிளம்பலாம் என்று நினைத்தார். அலுவலகத்தில் விடவில்லை, கோடையில் புகார் அதிகம். அவள் போன அன்று மட்டும் விடுப்பு எடுத்துக்கொண்டு, இரண்டு பைகளையும் ஒரு தலையணையையும் வண்டி வரை தூக்கிக்கொண்டு போனார். வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தவள் கண்ணாடியை இறக்கி, "டப்பாச் சாப்பாட்டையே சாப்பிட்டுட்டு இருக்காதீங்க" என்றாள். வண்டி திரும்பிப் போன பிறகும் கொஞ்ச நேரம் தெருவில் நின்றுவிட்டு உள்ளே வந்தார்.

அன்று சாயங்காலமும் டீ போட்டார். கை பழகியிருந்தது, விட முடியவில்லை. சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தார். காம்பு வரை நிரப்பி வைத்தார்.

மறுநாள் மத்தியானம் வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தார். காம்பு வரை இருந்தது. புது வாஷர், அவர் கையால் போட்டது, ஒரு சொட்டு விடவில்லை. அதற்கு மறுநாளும் அப்படியே இருந்தது. அவர் குடித்தால் குறைந்தது, குடிக்காவிட்டால் நின்றது. வேலை சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அவரால் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஜாடியைப் புதிதாக நிரப்பினார். பையிலிருந்து குறடை எடுத்து, குழாயின் நட்டைப் பிடித்து, துளியூண்டு தளர்த்தினார். ஒழுகலை அடைக்கிறதே பிழைப்பாக இருந்தவர். ஈரம் திரண்டு சொட்டாகிற வரைக்கும் பார்த்தார். கழுவிக் காயவைத்திருந்த காய்கறிப் பெட்டியைக் கொஞ்சம் இழுத்து, அதற்குள் சொட்டு விழுகிற இடத்துக்கு நேர் கீழே மகள் விட்டுவிட்டுப் போன தம்ளரை வைத்தார். கதவை மெதுவாகச் சாத்தினார்.

மறுநாள் வந்து பார்த்தபோது ஜாடியில் ஒரு வரிசை குறைந்திருந்தது. தம்ளர் நிறைந்திருந்தது. அதைச் சிந்தாமல் எடுத்துக்கொண்டு வந்து மேஜை மேல் வைத்து, எதிரே உட்கார்ந்து, குளிர் விடட்டும் என்று காத்திருந்தார். பிறகு குடித்தார்.

சர்க்கரை சரியாக இருந்தது.